ஆர்சி பிளேன் விட ஆசையா? பிளேனை அப்புறம் வாங்கலாம், முதல்ல கிளப்புக்கு போங்க

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி, மதுரைக்காரன், பையன் பிறந்தநாளுக்குன்னு 300 டாலர் கொடுத்து ஒரு ஆர்சி பிளேன், அதாவது ரேடியோ ரிமோட்ல பறக்க விடற குட்டி விமானம், வாங்கி அபார்ட்மென்ட் பின்னாடி இருக்கற பார்க்குல கொண்டு போய் விட்டிருக்கான். மொத்தம் பதினோரு செகண்ட். வீடியோ காட்டினான், அதனாலதான் செகண்ட் கணக்கு தெரியும். மேல எழும்புச்சு, இடது பக்கம் சாய்ஞ்சுச்சு, இவன் பதறிப்போய் ஸ்டிக்கை தப்பான பக்கம் தள்ள, நேரா ஓக் மரத்துல போய் சொருகிடுச்சு. பையன் ஒரே அழுகை, வீட்டுக்காரம்மா முறைப்பு வேற. மறுநாள் லஞ்ச்ல வந்து "அண்ணே, நீங்க ஏதோ பிளேன் கிளப்ல இருக்கீங்களாமே"ன்னு கேட்டான். இதை வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்லடான்னு சொன்னேன். வருஷத்துக்கு நாலு பேராவது இதே மாதிரி மரத்துல மாட்டினப்புறம்தான் வர்றாங்க, அதனால அவனுக்கு சொன்னதையே இங்க கொஞ்சம் விரிவா எழுதிடறேன்.

நான் இருக்கறது டல்லாஸ் பக்கம், சட்டம் பத்தி சொல்றதெல்லாம் அமெரிக்கா கணக்கு. பிளேன் ஓட்டற விஷயம் மட்டும் எந்த ஊரா இருந்தாலும் ஒண்ணுதான்.

முதல் வேலை: வெறுங்கையோட போய் பாருங்க

அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, சுருக்கமா ஏஎம்ஏ. 1936-ல ஆரம்பிச்சது, இண்டியானா மாநிலத்துல மன்சிங்கற ஊர்ல தலைமை ஆபீஸ், அங்கயே ஆயிரம் ஏக்கர் அளவுக்கு பறக்க விடற மைதானமும் ஒரு மியூசியமும் வெச்சிருக்காங்க. நாடு முழுக்க 2000-க்கு மேல கிளப்புங்க இதோட இணைஞ்சிருக்கு. அவங்க சைட்ல உங்க ஜிப் கோடு போட்டா பக்கத்துல இருக்கற கிளப்பெல்லாம் வரும். பெரும்பாலும் ஊருக்கு வெளிய, ஏதாவது ஏரிக்கரையோரமோ, வெள்ளம் வர்ற தாழ்வான நிலமோ, மூடிப்போன குப்பைமேடோ, அந்த மாதிரி வேற எதுக்கும் ஆகாத இடத்துலதான் இருக்கும். ஜிபிஎஸ் சில சமயம் மாட்டுப்பண்ணை கேட்ல கொண்டு போய் விடும், பயப்படாம உள்ள போங்க.

சனிக்கிழமை காலைல ஏழரை எட்டுக்கு போங்க. பத்தரைக்கு மேல போனா டெக்சாஸ் காத்தும் வெயிலும் சேர்ந்துக்கும், நல்லா ஓட்டறவங்க எல்லாம் அதுக்குள்ள மூட்டை கட்டிட்டு நிழல்ல உக்காந்து கதை பேசிட்டு இருப்பாங்க. கதை கேக்கணும்னா அந்த நேரமும் நல்ல நேரம்தான், அது வேற விஷயம்.

உள்ள போனதும் ஒரு வேலியோ கோடோ இருக்கும், அதுக்கு இந்தப்பக்கமே நில்லுங்க. அந்தப்பக்கம் பிளேனை ரெடி பண்ற இடம், அதை பிட்னு சொல்லுவாங்க, அதுக்கும் முன்னாடி ஓட்டறவங்க வரிசையா நிக்கற இடம், அப்புறம் ரன்வே. பிளேன் எப்பவும் அவங்களுக்கு முன்பக்கம்தான் பறக்கும், தலைக்கு மேலயோ பின்னாடியோ வரவே கூடாது. யாராவது கூப்பிடற வரைக்கும் கோட்டைத் தாண்டாதீங்க, குழந்தைங்களை கையில பிடிச்சுக்கங்க. ஒருத்தர் ஓட்டிட்டு இருக்கும்போது பக்கத்துல போய் "இது என்ன விலை"ன்னு கேக்காதீங்க. இறக்கிட்டு வரட்டும், வந்தா அவரே அரை மணி நேரம் பேசுவார்.

அங்க இருக்கறதுல பாதிக்கு மேல ரிட்டயர் ஆன ஆளுங்க. நமக்கு எழுபத்தஞ்சு வயசு ஆளை பேர் சொல்லி கூப்பிட வாய் வராது, நானும் முதல் ரெண்டு மாசம் சார் சார்னுட்டு இருந்தேன், கடைசில ஒரு பெரியவர் "சார்னு எங்கப்பாவைத்தான் கூப்பிடுவாங்க"ன்னு சிரிச்சார், அப்புறம்தான் பேர் சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு டஜன் டோனட் வாங்கிட்டு போனா பாதி வேலை முடிஞ்சுது. "இங்க புது ஆளுங்களுக்கு யார் கத்துக்கொடுக்கறாங்க"ன்னு கேளுங்க. நிறைய கிளப்ல இன்ஸ்ட்ரக்டர் இருப்பாங்க, காசு வாங்க மாட்டாங்க.

ஷெட்ல ஒரு பலகை தொங்கும், அதை கேளுங்க

பழைய கிளப்பா இருந்தா ஷெட்ல நம்பர் போட்ட ஒரு மரப்பலகையும், அதுல துணி காயப்போடற கிளிப் மாதிரி சிலதும் இன்னும் தொங்கிட்டு இருக்கும். புது ஆளுங்க யாரும் இதை கவனிக்கறதில்ல. ஆனா கிளப்புன்னு ஒண்ணு ஏன் வேணும்ங்கறதுக்கு பாதி பதில் அதுலதான் இருக்கு.

அப்பெல்லாம் பிளேனுக்கு 72 மெகாஹெர்ட்ஸ்ல 11-லேர்ந்து 60 வரைக்கும் 50 சேனல். உங்க ரேடியோ 34-ன்னா, பலகைல 34-க்கு உள்ள கிளிப்பை எடுத்து உங்க ஆண்டெனால மாட்டினப்புறம்தான் ஸ்விட்ச் போடணும். கிளிப் இல்லாம ஒருத்தர் காருக்குள்ள உக்காந்து சும்மா டெஸ்ட் பண்றேன்னு ஸ்விட்ச் போட்டாலும் போதும், அதே சேனல்ல மேல பறந்துட்டு இருக்கறவரோட பிளேன் கன்ட்ரோல் போய் கீழ விழும். ஆறு மாசம் ராத்திரி ராத்திரியா பால்சா மரத்தை வெட்டி ஒட்டி செஞ்ச பிளேன் அது. அதனால தனியா எங்கயோ போய் பிளேன் விடறதுங்கறது அந்தக் காலத்துல நடக்காத காரியம், ரெண்டு மைல் தள்ளி வேற யாராவது அதே சேனல்ல இருந்தா ரெண்டு பேருக்கும் நஷ்டம். 2000-களோட நடுவுல 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்துச்சு, அது தன்னோட ரிசீவரை மட்டும் அடையாளம் வெச்சு பேசும், பலகைக்கு வேலை போச்சு. பெருசுங்க அதை கழட்டி எறிய மனசு வராம வெச்சிருக்காங்க.

இதுக்கும் முன்னாடி கதை 1937-க்கு போகுது. மிச்சிகன்ல கலமசூங்கற ஊர்ல வால்டர் குட், வில்லியம் குட்னு இரட்டை சகோதரர்கள், 8 அடி ரெக்கை உள்ள ஒரு பிளேன் செஞ்சு ரேடியோவுல ஓட்டிக் காமிச்சாங்க. பேரு கஃப். அது இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. அந்தக் காலத்துல ஹாம் ரேடியோ லைசென்ஸ் இல்லாம இதையெல்லாம் தொட முடியாது, 1950-கள்லதான் பரீட்சை எழுதாமலே உபயோகிக்கற மாதிரி 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் கொடுத்தாங்க, அப்புறம்தான் கிளப்புங்க பெருகுச்சு. அப்பவும் ஸ்டிக்கை கொஞ்சமா தள்ளினா கொஞ்சமா திரும்பற கதையெல்லாம் கிடையாது. ரப்பர் பேண்டை முறுக்கி வெச்சு, பட்டனை அமுக்கினா வால்ல இருக்கற ரடர்ங்கற திருப்பற பலகை முழுசா இடது, மறுபடி அமுக்கினா முழுசா வலது. அதுலயும் ஓட்டியிருக்காங்க மகராசனுங்க.

இன்னொரு கதையும் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2003-ல மேனார்ட் ஹில்னு ஒருத்தர், வயசு 77, கண்ணு கிட்டத்தட்ட தெரியாது, காதும் சரியா கேக்காது. அவர் டீம் செஞ்ச 5 கிலோ எடைகூட இல்லாத பால்சா பிளேன் கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துலேர்ந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துல இறங்குச்சு. சுமார் 3000 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 39 மணி நேரம். நடுவுல ஜிபிஎஸ் ஆட்டோபைலட், ரெண்டு கரையிலயும் மனுஷன் கையில ரிமோட். நம்ம பிளேன் பார்க்கைத் தாண்டலையேன்னு வருத்தப்படறப்ப இதை நினைச்சுக்கங்க, இல்ல நினைக்காதீங்க, இன்னும் வருத்தமாயிடும்.

பேப்பர் வேலை, ஒரு மணி நேரத்துல முடியும்

ட்ரஸ்ட்னு ஒரு ஆன்லைன் டெஸ்ட், ஃப்ரீ, அரை மணி நேரம். தப்பா சொன்னா விளக்கி மறுபடி கேக்கும், ஃபெயில் ஆகறதுக்கு வழியே இல்ல. முடிச்சதும் வர்ற சர்டிஃபிகேட்டை சேவ் பண்ணி பிரிண்டும் எடுத்துக்கங்க, தொலைச்சா டெஸ்ட் வெச்சவங்ககிட்ட காப்பி இருக்காது, திரும்ப எழுதணும்.

அடுத்து அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏவோட ரெஜிஸ்ட்ரேஷன். பிளேன் 250 கிராமுக்கு மேலன்னா கட்டாயம். 5 டாலர், 3 வருஷத்துக்கு செல்லும், பொழுதுபோக்குக்கு ஓட்டற உங்க எல்லா பிளேனுக்கும் ஒரே நம்பர்தான், அதை பிளேனோட வெளிப்பக்கத்துல தெரியற மாதிரி ஒட்டணும். எஃப்ஏஏவோட ட்ரோன்ஸோன் சைட்ல மட்டும் பண்ணுங்க, கூகிள்ல தேடினா அதே மாதிரி முகம் வெச்ச வேற சைட்டுங்க 30, 40 டாலர் கேக்கும். விசால இருக்கறவங்க நிறைய பேர் "எனக்கு கிரீன் கார்டு இல்லையே"ன்னு கேக்கறாங்க. நீங்களும் பண்ணலாம், பண்ணணும், உங்களுக்கு அதை ஓனர்ஷிப்புக்கான அங்கீகாரம்னு எடுத்துப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். பையனுக்கு 13 வயசு ஆகலைன்னா உங்க பேர்ல பண்ணுங்க.

இப்ப முக்கியமானது ரிமோட் ஐடி. 2024 மார்ச்லேர்ந்து கண்டிப்பா ஆயிடுச்சு. ரெஜிஸ்டர் பண்ண வேண்டிய எடையில இருக்கற பிளேன் எல்லாம், தான் எங்க இருக்கேன்னு சிக்னல் அனுப்பிட்டே பறக்கணும், அதுக்கு தனியா ஒரு மாட்யூல் வாங்கி மாட்டணும். ஆனா எஃப்ஏஏ ஒத்துக்கிட்ட சில மைதானங்கள்ல இது தேவையில்ல, அந்த இடத்துக்கு ஃப்ரியான்னு பேரு, பெரும்பாலும் கிளப் மைதானங்கதான் அந்த அனுமதி வாங்கியிருக்கு. நீங்க சேரப்போற கிளப் ஃப்ரியாவான்னு முதல் நாளே கேளுங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே கிளப்புக்கு திரும்பி வந்த பழைய ஆளுங்க எனக்கு தெரியும்.

ஏஎம்ஏ மெம்பர்ஷிப் எடுத்தா 25 லட்சம் டாலருக்கு லயபிலிட்டி இன்சூரன்ஸ் கூட வருது, அது இல்லாம எந்த கிளப்பும் உங்களை சேத்துக்காது. நம்ம பிளேன் போய் யாரோட டெஸ்லா கண்ணாடிலயோ விழுந்தா அப்ப தெரியும் அதோட அருமை. கிளப் ஃபீஸ் தனி, ஊருக்கு ஊர் மாறும், புல்லு வெட்டற மெஷினுக்கும் நிலத்து வாடகைக்கும்தான் அது போகுது. உயரம் 400 அடிக்குள்ள. டல்லாஸ் மாதிரி பெரிய ஏர்போர்ட் பக்கத்துல இருக்கற இடத்துக்கெல்லாம் தனி கணக்கு உண்டு, கிளப்ல எழுதியே ஒட்டியிருப்பாங்க.

பிளேனுக்கு முன்னாடி சிமுலேட்டர்

மதுரை தம்பியோட பதினோரு செகண்டுக்கு காரணம் கை நடுக்கம் இல்ல. பிளேன் நம்மளை விட்டு தூரமா போறப்ப வலதுன்னா வலது. அதே பிளேன் திரும்பி நம்மளை நோக்கி வர்றப்ப, அதோட வலது நமக்கு இடது. இது மூளைக்கு தெரிஞ்சா போதாது, கட்டைவிரலுக்கு தெரியணும். ரியல்ஃப்ளைட் மாதிரி ஒரு சிமுலேட்டர் வாங்கி தினம் இருபது நிமிஷம், மூணு வாரம் ஓட்டுங்க. ஒரு சின்ன சூட்சுமம்: பிளேன் உங்களை நோக்கி வர்றப்ப எந்த ரெக்கை தாழுதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கை தள்ளுங்க, தாழற ரெக்கைக்கு முட்டு கொடுக்கற மாதிரி. வலது இடதுன்னு யோசிக்கவே வேணாம். நான் இதை சொல்லிக்கொடுத்த எல்லாரும் ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டாங்க.

சிமுலேட்டர்லயும் ஜெட் எடுத்து ஊரை சுத்தாதீங்க, ட்ரெய்னர் பிளேனை எடுத்து சதுரமா சுத்தி வந்து இறக்குங்க. போரடிக்கும். அடிக்கட்டும்.

இப்ப வாங்கலாம், ஆனா ஸ்பிட்ஃபயர் வேணாம்

எல்லாருக்கும் முதல்ல கண்ணு போறது ரெண்டாம் உலகப்போர் ஃபைட்டர் மேலதான், எனக்கும் போச்சு. அது வேகம் குறைஞ்சா சட்டுனு ஒரு பக்கம் கவுந்துடும். உங்களுக்கு வேண்டியது ரெக்கை உடம்புக்கு மேல உக்காந்திருக்கற, நுனி ரெண்டும் லேசா மேல தூக்கின, ஒண்ணரை மீட்டர் அகல ஃபோம் ட்ரெய்னர். ஸ்டிக்கை விட்டா தானே நேராகிற பிளேன் அது. ஃபோம்ங்கறதால உடைஞ்சா பசை போட்டு ஒட்டி அன்னிக்கே திரும்ப விடலாம். மோட்டார் வேகத்துக்கு த்ராட்டில், சாய்க்கறதுக்கு ரெக்கைல ஆடற அய்லிரான், மேல கீழ போக வால்ல எலிவேட்டர், அப்புறம் ரடர்னு நாலு கன்ட்ரோலும் (இதையும் சேனல்னுதான் சொல்லுவாங்க) இருக்கறதா பாத்து வாங்குங்க.

ரேடியோ விஷயத்துல மட்டும் உங்க இஷ்டம் கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் எந்த கம்பெனி ரேடியோ வெச்சிருக்காரோ அதுகூட சேர்றதையே வாங்குங்க, ஸ்பெக்ட்ரம்னா ஸ்பெக்ட்ரம், ஃபுடாபான்னா ஃபுடாபா, ஒண்ணு பேசற பாஷை இன்னொண்ணுக்கு புரியாது. இங்க எல்லாரும் மோட் 2, அதாவது இடது ஸ்டிக்ல த்ராட்டில்.

பிளேன்ல போடற லித்தியம் பாலிமர் பேட்டரி, சுருக்கமா லைப்போ, அதுக்கு கொஞ்சம் மரியாதை கொடுங்க. மூணு செல் பேட்டரின்னா 11.1 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 12.6. சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, கடைக்கும் போகாதீங்க. ஓட்டாத வாரத்துல செல்லுக்கு 3.8 வோல்ட்ல வெச்சுடுங்க, உப்பின பேட்டரியை திரும்ப உபயோகிக்காதீங்க, டெக்சாஸ் ஆகஸ்ட்ல கார்ல விட்டுட்டு போகவே போகாதீங்க. இன்னொண்ணு, பேட்டரியை கனெக்ட் பண்ணிட்டா அந்த பிளேன் எந்த நிமிஷமும் சுத்தலாம்னு வெச்சுக்கங்க, ப்ரொப்பெல்லருக்கு முன்னாடியோ பக்கவாட்டுலயோ நிக்கக்கூடாது. ஃபீல்டுல தையல் போட்ட விரலை காட்டற ஆள் ஒருத்தராவது இருப்பார்.

சில பெருசுங்க இன்னும் எரிபொருள்ல ஓடற க்ளோ எஞ்சின் வெச்சிருப்பாங்க, அதுக்கு மெத்தனால், நைட்ரோமீத்தேன், அதுகூட வழவழப்புக்கு விளக்கெண்ணெய். ஆமா, நம்ம விளக்கெண்ணெய்தான். முதல் தடவை அந்த புகை வந்தப்ப எனக்கு என் பாட்டி வீட்டு ஞாபகம் வந்துடுச்சு, ஞாயித்துக்கிழமை காலைல மூக்கைப் பிடிச்சு ஊத்துவாங்களே, அதே வாசனை. கத்துக்கறதுக்கு எலக்ட்ரிக்தான் நல்லது, வாசனைக்கு அவங்க பக்கத்துல போய் நின்னுக்கங்க.

ரெண்டு ரேடியோ, ஒரு பிளேன்: பட்டி பாக்ஸ்

இன்ஸ்ட்ரக்டர் கையில ஒரு ரேடியோ, உங்க கையில ஒண்ணு, ரெண்டும் இணைஞ்சிருக்கும். அவர் ஒரு ஸ்விட்சை பிடிச்சுட்டு இருக்கற வரைக்கும் பிளேன் உங்களோடது, நீங்க சொதப்பினா விட்டுடுவார், பிளேன் அவர்கிட்ட போயிடும். சைக்கிள் கத்துக்கொடுக்கறப்ப பின்னாடி சீட்டை பிடிச்சுட்டு ஓடி வருவாங்களே, அதேதான். அந்த 300 டாலர் பிளேன் இப்படி விட்டிருந்தா இன்னிக்கும் முழுசா இருந்திருக்கும்.

அவர் ஏத்தி உயரத்துல கொடுப்பார். ரெண்டு தப்பு பண்ற அளவுக்கு உயரத்துல ஓட்டுன்னு சொல்லுவாங்க, ஒரு தப்பு பண்ணி அதை சரி பண்றப்ப இன்னொரு தப்பு பண்ணுவோம்ல, அதுக்கும் சேர்த்து. முதல்ல நேரா, அப்புறம் இடது வட்டம், வலது வட்டம், எட்டு போடறது, மோட்டாரை குறைச்சு வேகம் செத்தா எப்படி விழுதுன்னு மேலயே பாத்துக்கறது, கடைசிலதான் இறக்கறது. ஸ்டிக்கை பிசையாதீங்க, தோசைக்கல்லுல எண்ணெய் தடவற மாதிரி மெதுவா தொடுங்க. சூரியனுக்கு நேரா பிளேனை கொண்டு போகாதீங்க, ரெண்டு செகண்ட் தெரியாம போச்சுன்னா திரும்ப கண்டுபிடிக்கறப்ப அது எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குன்னே தெரியாது.

ஒவ்வொரு தடவையும் விடறதுக்கு முன்னாடி, எத்தனை வருஷம் ஆனாலும், பின்னாடி நின்னு ஸ்டிக்கை ஆட்டிப் பாருங்க. ஸ்டிக் மேல கட்டைவிரலை நேரா நிமித்தி வெச்சுக்கங்க, அதை எந்தப் பக்கம் தள்றீங்களோ அந்தப் பக்கத்து அய்லிரான் கட்டைவிரல் மாதிரியே மேல நிக்கணும். இதை நான் ஒரே ஒரு நாள் பண்ணலை. ரேடியோல முந்தின வாரம் ஓட்டின வேற பிளேனோட மெமரி செலக்ட் ஆகியிருந்துச்சு, அய்லிரான் தலைகீழ், எழும்பின மூணாவது செகண்ட் தரையில. எட்டு பேர் பாத்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலை, ஒருத்தர் மட்டும் குப்பைப் பையை எடுத்துட்டு வந்தார்.

எடை எங்க உக்காருதுன்னும் பாத்துக்கங்க, புக்ல போட்டிருக்கற இடத்துல ரெண்டு விரலால ரெக்கையை தாங்கினா சமமா நிக்கணும். மூக்கு கனமா இருந்தா மோசமா பறக்கும், வால் கனமா இருந்தா ஒரே தடவைதான் பறக்கும்னு ஃபீல்டுல ஒரு பழைய பேச்சு உண்டு.

வாயைத் திறந்து சத்தமா சொல்ல பழகுங்க. ஏறப்போறேன், இறங்கறேன், மோட்டார் நின்னுடுச்சு, ரன்வேக்குள்ள போறேன், எல்லாத்தையும் கத்தி சொல்லணும். மோட்டார் நின்னவருக்குத்தான் எப்பவும் முதல் வழி. நிஜ பிளேனோ ஹெலிகாப்டரோ வந்தா யாரா இருந்தாலும் உடனே கீழ கொண்டு வரணும். நம்ம ஆளுங்க கூச்சப்பட்டு முணுமுணுப்பாங்க, அது ஆகாது.

சோலோ ஆனப்புறம் என்ன

எனக்கு சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் துணை இல்லாம தனியா, விட நாலு மாசம் ஆச்சு, சின்னப் பசங்க ஒரு மாசத்துல விட்டுடறாங்க. அதுக்கப்புறம் கிளப்ல மாசம் ஒரு மீட்டிங், அவசியம் போங்க, பாதி நேரம் புல்லு வெட்டறது யாருங்கற சண்டைதான் நடக்கும். அந்த லிஸ்ட்ல உங்க பேரை நீங்களே போட்டுக்கங்க, மத்தவங்க போடறதுக்குள்ள. ஷூ போட்டுட்டு போங்க, அந்த புல்லுல நெருப்பெறும்பு புத்து இருக்கும், செருப்போட போய் நான் பட்டிருக்கேன்.

ஃபன் ஃப்ளைன்னு விளையாட்டு நாள் வைப்பாங்க, பலூன் உடைக்கறது, வட்டத்துக்குள்ள இறக்கறது. டிசம்பர் பக்கம் ஏழைக் குழந்தைங்களுக்கு பொம்மை சேர்க்கற நாள் சில கிளப்ல உண்டு, ஒரு புது பொம்மைதான் நுழைவுக்கட்டணம். 2013-லேர்ந்து வருஷா வருஷம் ஆகஸ்ட்ல நேஷனல் மாடல் ஏவியேஷன் டேன்னு கொண்டாடறாங்க, அன்னிக்கு வெளியாளுங்களை கூப்பிட்டு பட்டி பாக்ஸ்ல ஓட்டவும் விடுவாங்க, குடும்பத்தோட போறதுக்கு அதுதான் சரியான நாள். ஸ்வாப் மீட்ல பழைய சாமான் சல்லிசா கிடைக்கும், பிளேன் வாங்குங்க, பழைய பேட்டரி மட்டும் வாங்காதீங்க. பித்து முத்திப்போச்சுன்னா மே மாசம் தென் கரோலினால ட்ரிபிள் ட்ரீ ஏரோட்ரோம்ல ஜோ நால்னு ஒரு பெரிய ஆர்சி பிளேன் திருவிழா நடக்கும், கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்கி விடறாங்க. நான் ஒரு தடவை போனேன், வீட்ல இன்னும் அதைச் சொல்லிக் காட்டறாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் கிளப் ரூல் கடுமையா இருக்கும், சத்தமும் பக்கத்து வீடுங்க மேல பறக்கறதும். நிலம் கிளப்போடது இல்ல, குத்தகை. எங்க ஃபீல்டுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி நான் வந்தப்ப சுத்தி மாடு மேஞ்சுட்டு இருந்துச்சு, இப்ப தெற்குப் பக்கம் கம்யூனிட்டி வீடுங்க வந்துடுச்சு, அதுல ரெண்டு வீடு நம்ம தமிழ் ஆளுங்களோடதுதான். ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் போதும் குத்தகை புதுப்பிக்காம போக. அதனால அந்தப் பக்கம் பிளேன் போனா பெருசுங்க கத்துவாங்க, கோவிச்சுக்காதீங்க.

மதுரை தம்பி இப்ப சிமுலேட்டர்ல மூணாவது வாரம். அவனை விட அவன் பையன் நல்லா இறக்கறானாம், அதுல வேற அவனுக்கு வருத்தம். இந்த சனிக்கிழமை காத்து 20 மைலுக்கு மேலன்னு போட்டிருக்கு, அதனால ஞாயித்துக்கிழமை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கேன். மரத்துல மாட்டினதை ஏணி போட்டு எடுத்து ஒட்டியாச்சு, பட்டி பாக்ஸ்ல அதையே விடப்போறோம். டோனட் அவன் செலவு.